டென்ஷன் உடம்பில் எங்கே இறங்குகிறது? ஒரு நோட்டும் பத்து வாரமும் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

“ரிப்போர்ட் எல்லாம் நார்மல். டென்ஷனைக் குறைச்சுக்கோங்க.”

பெங்களூரில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் பலர் இந்த இரண்டு வரியோடு கிளினிக்கிலிருந்து திரும்பி வருகிறார்கள். நெஞ்செரிச்சல், தலைவலி, கழுத்துப் பிடிப்பு, ஏறி இறங்கும் பி.பி., உடைந்து போகும் தூக்கம் எல்லாம் அப்படியே இருக்கும். டென்ஷனை எப்படிக் குறைப்பது என்று மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. 39 வயதில் பி.பி. எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொன்ன பிறகு எனக்காக இந்த வேலையைச் செய்து பார்த்தேன். அப்புறம் எங்கள் அப்பார்ட்மெண்டிலும் அலுவலகத்திலும் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் தடுக்கி விழுந்தது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்தார்கள், எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கினார்கள், பத்தாம் நாள் விட்டுவிட்டார்கள். அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். படிகளை மாற்றிப் போடாதீர்கள்.

0. தொடங்கும் முன் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று

மன அழுத்தம் உடம்புக்குள் இரண்டு வழியாக இறங்குகிறது.

ஒன்று நேர் வழி. மூளை ஆபத்து என்று நினைத்ததும் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும் கார்டிசாலையும் ரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தக் குழாய் இறுகும், கல்லீரல் சர்க்கரையை வெளியே தள்ளும், செரிமானம் மந்தமாகும், கழுத்தும் தாடையும் விறைக்கும். அரை மணி நேரத்துக்கு இது நல்லதுதான். மாதக்கணக்கில் நீடித்தால்தான் தொல்லை.

இன்னொன்று சுற்று வழி. அழுத்தத்தில் இருக்கும்போது நாம் என்ன செய்கிறோமோ அதன் வழியாக இறங்குவது. நள்ளிரவு வரை போன் பார்ப்பது, நாலாவது காபி, பத்தரை மணிக்கு பிரியாணி, கூடுதலாக ஒரு சிகரெட், மாத்திரை போட மறப்பது, பத்து மணி நேரம் நாற்காலியை விட்டு எழாதது.

நேர் வழியில் நம் கை அதிகம் எட்டாது. ‘கார்டிசாலே, குறை’ என்று சொன்னால் அது கேட்காது. சுற்று வழியில் கை எட்டும். அதைச் சரிசெய்யும்போது நேர் வழியும் கொஞ்சம் தளர்கிறது. இந்த வழிகாட்டி முழுக்க அதை நம்பித்தான் போகிறது.

1. முதலில் டாக்டர், நோட்டு அப்புறம்

இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் எனக்குப் பெரிய கவலை. ‘எனக்கு ஸ்ட்ரெஸ்தான்’ என்று தானே முடிவு கட்டிக்கொண்டு வருவார்கள். படபடப்புக்குத் தைராய்டு காரணமாக இருக்கலாம். சோர்வுக்கு ரத்தசோகையோ பி12 குறைவோ இருக்கலாம், சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களிடம் பி12 குறைவு சகஜம். அடிக்கடி சிறுநீர் வருவதும் களைப்பும் சர்க்கரையாக இருக்கலாம். இவையெல்லாம் அழுத்தம் மாதிரியே வேஷம் போடும்.

ஒரு பொது மருத்துவரைப் பார்த்து, என்னென்ன பரிசோதனை தேவை என்று அவரிடமே கேளுங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் இந்தப் பத்து வாரத்தில் எதையும் தானாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

பேச்சுக்கு இடமில்லாத சில அறிகுறிகளும் உண்டு. நெஞ்சில் பாறை வைத்த மாதிரி அழுத்தம், குளிர்ந்த வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, திடீர் மூச்சுத் திணறல். முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை பலமிழப்பது. இதில் எது வந்தாலும் ‘கேஸா இருக்கும்’ என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வெறும் சோர்வு, வாந்தி, மூச்சு வாங்கல் என்றும் மாரடைப்பு வரலாம்.

2. கையில் என்னென்ன வேண்டும்

ஒரு கோடு போட்ட நோட்டு. மேல்கையில் கட்டும் தானியங்கி பி.பி. மெஷின். ஒரு இஞ்ச் டேப். போனில் மூன்று அலாரம். அவ்வளவுதான்.

மெஷின் வாங்கும் முன் இஞ்ச் டேப்பால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைதான் பொருந்தும். பெரிய கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூட்டிக் காட்டும், இல்லாத பி.பி.க்கு நீங்கள் பயந்துகொண்டிருப்பீர்கள். மணிக்கட்டில் கட்டும் மெஷின் வேண்டாம், கை இருக்கும் உயரம் கொஞ்சம் மாறினாலே எண் மாறிவிடும்.

ஸ்மார்ட் வாட்ச் காட்டும் ‘ஸ்ட்ரெஸ் ஸ்கோர்’ பற்றிக் கேட்பார்கள். நாடித் துடிப்புகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை வைத்து அது ஊகிக்கிறது. காபி குடித்தாலும், காய்ச்சல் வந்தாலும், தூக்கம் கெட்டாலும் அந்த எண் மாறும். நடந்த அடிகளை எண்ண வாட்சைப் பயன்படுத்துங்கள், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

3. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

எல்லாருக்கும் கஷ்டமாக இருக்கும் படி இதுதான். நோட்டு வாங்கிய அன்றே காபியை விட்டுவிடத் தோன்றும், காலையில் ஓடத் தோன்றும். வேண்டாம். பழைய வாழ்க்கை எப்படி இருந்தது என்று எழுத்தில் இல்லாவிட்டால், பிறகு எது உதவியது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. சிகரெட்டை மட்டும் இன்றே விட முடிந்தால் விடுங்கள். அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.

ஒரு நாளுக்கு ஒரு பக்கம். எழுத வேண்டியவை:

படுத்த நேரம், எழுந்த நேரம். காபி, டீ எத்தனை, கடைசியாகக் குடித்தது எப்போது. சாப்பிட்ட நேரங்கள், ஒவ்வொன்றிலும் என்ன. தண்ணீர் எவ்வளவு. நடந்தது எவ்வளவு. சிகரெட், மது. உடம்பு சொன்னது: எங்கே, எத்தனை மணிக்கு, பத்துக்கு எவ்வளவு. அன்று நடந்ததில் கனமானது எது, ஒரே வரியில்.

அலாரம் காலை 11, மாலை 4, படுக்கும் முன் என மூன்று. இரவில் மொத்தமாக எழுதலாமே என்று எல்லாரும் கேட்பார்கள். இரவில் இருக்கும் மனநிலை முழு நாளுக்கும் சாயம் பூசிவிடும். மேலாளரோடு ஆறு மணிக்கு உரசல் வந்திருந்தால், மதியம் வந்த தலைவலியையும் அவர் கணக்கில் எழுதிவிடுவோம்.

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். மதுரைக்காரத் தம்பி ஒருவர், மடிவாளாவில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர். அவர் அனுமதியோடு:

“ஞாயிறு இரவு 9.30 பஸ். 11.15 பஸ் நின்ற இடத்தில் பரோட்டா சால்னா. தூக்கம் விட்டு விட்டு 3 மணி நேரம். திங்கள் காலை 5.50 மடிவாளா. 8.15 காபி. 10 காபி. 11.30 காபி. டிபன் இல்லை. தண்ணீர் ஒரு பாட்டில்கூட இல்லை. 12.10 நெஞ்செரிச்சல் 6. 3.00 தலைவலி 5. 4.00 வாராந்திர மீட்டிங்.”

திங்கட்கிழமை மீட்டிங்தான் தன் வயிற்றைக் கெடுக்கிறது என்று அவர் ஒரு வருஷமாக நம்பியிருந்தார். நேரத்தைப் பாருங்கள். எரிச்சல் 12.10-க்கு, மீட்டிங் 4 மணிக்கு. ஊருக்குப் போகாத அடுத்த திங்களும் அதே மீட்டிங் நடந்தது, எரிச்சல் பக்கத்தில் பூஜ்யம். ஒரு திங்களை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று இன்னும் இரண்டு வாரம் எழுதச் சொன்னேன். அப்படியேதான் இருந்தது. பஸ் இரவு, பரோட்டா, வெறும் வயிற்றில் மூன்று காபி. மீட்டிங்குக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அது இல்லை.

இந்தப் படியில் இன்னொரு தவறு, மனதில் இருப்பதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவது. அது வேறு ஒரு நல்ல பழக்கம், வேறு நோட்டில் செய்யுங்கள். இந்த நோட்டில் நேரமும் எண்ணும் இருந்தால்தான் பிறகு படிக்க முடியும்.

4. இரண்டாவது வாரத்தில் பி.பி.யும் சேரட்டும்

முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் ஏற்றினால் நோட்டு நின்றுவிடும். அதனால் பி.பி. இரண்டாவது வாரத்தில். ஏழு நாள், காலையும் மாலையும்.

காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால். மாலையில் சாப்பாட்டுக்கு முன்னால், அல்லது படுக்கும் முன். அளப்பதற்கு அரை மணி நேரத்துக்குள் காபி, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் இருக்கக் கூடாது.

முதுகு சாய்ந்து ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில், கால் மேல் கால் வேண்டாம். கை மேசை மேல், பட்டை இதயத்தின் உயரத்தில். சட்டைக் கைக்கு மேல் கட்டாதீர்கள், தோலின் மேல் கட்டுங்கள். வாயை மூடிக்கொள்ளுங்கள், பேசினாலே எண் ஏறும். ஒரு தடவை அளந்து, ஒரு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. இரண்டையும் எழுதுங்கள்.

முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியை எடுங்கள். மெஷின் புதிது, கை பழக்கமில்லை, முதல் நாள் பதற்றம் இருக்கும் என்பதால்தான் அதை விடுகிறோம். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோட்டோடு டாக்டரிடம் போங்கள்.

நான் அடிக்கடி பார்த்த தவறு இது. ஒருவர் சில்க் போர்டு சிக்னலைத் தாண்டி பைக்கில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்த கையோடு பட்டையைக் கட்டுவார். 152 வரும். பயந்துபோய் மறுபடி அளப்பார், 158. ஐந்தாவது தடவை 161. அந்த எண்ணில் இருப்பது டிராஃபிக், மாடிப்படி, பயம் மூன்றும் சேர்ந்தது. இரண்டு தடவைக்கு மேல் அளக்காதீர்கள், நல்ல எண் வரும் வரை அளப்பதும் கூடாது.

மருத்துவமனையில் மட்டும் ஏறுகிற பி.பி. உண்டு, வெள்ளைக் கோட் போட்ட டாக்டரைப் பார்த்து வருவது. அதற்கு நேர்மாறாக, மருத்துவமனையில் நார்மலாகவும் மற்ற நேரம் அதிகமாகவும் இருப்பதும் உண்டு. வேலை அழுத்தம் உள்ளவர்களிடம் இந்த இரண்டாவது வகை ஒளிந்திருக்கும், அதை வீட்டு அளவுதான் காட்டிக்கொடுக்கும். அதற்காகவே இந்தப் படியை விடாதீர்கள்.

180/120-க்கு மேல் வந்தால் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே டாக்டர். கூடவே நெஞ்சு வலி, பார்வை மங்கல், குழப்பம், கடும் தலைவலி இருந்தால் நேரே அவசர சிகிச்சைக்கு.

5. நோட்டைப் படிப்பது எப்படி

பதினான்கு பக்கம் ஆனதும் சிவப்புப் பேனா எடுத்து, உடம்பு சொன்ன இடத்தையெல்லாம் வட்டமிடுங்கள். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் பின்னோக்கிப் போங்கள். எவ்வளவு தூரம் போவது என்பது தொல்லையைப் பொறுத்தது.

நெஞ்செரிச்சலுக்குச் சில மணி நேரம், முந்தைய இரவுச் சாப்பாடு வரை. தலைவலிக்கு முந்தைய ஒரு நாள். மலச்சிக்கலுக்கு இரண்டு மூன்று நாள். முடி கொத்தாகக் கொட்டுவதற்கு இரண்டு மூன்று மாதம். பெரிய அதிர்ச்சியோ கடும் காய்ச்சலோ வந்தால் முடி அந்த வாரமே கொட்டாது, மெதுவாக வேர் ஓய்வுக்குப் போய் மாதங்கள் கழித்துத்தான் விழும். இந்த வாரம் ஷாம்பூவை மாற்றிப் பயனில்லை என்பது அதனால்தான்.

பின்னோக்கிப் போகும்போது முதலில் செய்கைகளைப் பாருங்கள், நிகழ்ச்சிகளை அப்புறம். மேலாளர், மாமியார், இ.எம்.ஐ. என்று விரல் உடனே அங்கேதான் நீளும். தூக்கம், காபி, சாப்பாட்டு நேரம், தண்ணீர் இவற்றைப் பார்த்த பிறகும் விடை கிடைக்காவிட்டால் நிகழ்ச்சிக்குப் போங்கள்.

எங்கள் மாடியில் இருக்கும் ஓர் அக்கா ஔட்டர் ரிங் ரோடு பக்கம் வேலை பார்க்கிறார். வாரத்தில் நாலு நாள் இரவு எட்டு மணிக்குத் தலைவலி. நோட்டின் தண்ணீர் வரியில் மூன்று மணிக்கு மேல் கோடு மட்டும்தான் இருந்தது. கேட்டேன். “கேப்ல ஒன்றரை மணி நேரம் ஆகுது, நடுவுல எங்க போறது? அதான் மூணு மணிக்கு மேல குடிக்கறதில்ல” என்றார். இதைப் படிக்கும் பெண்களுக்கு விளக்கமே தேவையில்லை. காலை முதல் மூன்று மணிக்குள் ஒன்றரை லிட்டர், கிளம்பும் முன் கழிப்பறை, வழியில் சிறிது சிறிதாக இரண்டு மூன்று மடக்கு என்று மாற்றினார். தலைவலி நாலு நாளிலிருந்து ஒன்றுக்கு இறங்கியது.

6. முதல் மாற்றம்: எழும் நேரம் (3, 4-ஆம் வாரம்)

மூச்சுப் பயிற்சியில் தொடங்கலாமே என்று கேட்பார்கள். தூக்கம் கெட்டிருக்கும்போது மற்ற எதுவும் நிற்காது, அதனால்தான் இது முதல். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், இன்சுலின் வேலை மந்தமாகும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். இரவுத் தூக்கத்தில் பி.பி. 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும். தூங்காதவருக்கு அந்த ஓய்வு கிடைப்பதில்லை.

படுக்கும் நேரத்தைப் பிடிக்காமல் எழும் நேரத்தைப் பிடிக்கச் சொல்கிறேன். தூக்கத்தை வரவழைப்பது நம் கையில் இல்லை, அலாரம் அடித்ததும் எழுவது நம் கையில் இருக்கிறது. கார்டிசால் காலையில் எழுந்து அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு இறங்கும் ஒரு தாளத்தில் ஓடுகிறது. எழும் நேரம் தினம் ஒன்றாக இருந்தால் அந்தத் தாளம் நிலைக்கும்.

ஏழு நாளும் ஒரே நேரம், சனி ஞாயிறு அதிகபட்சம் ஒரு மணி நேரம் தள்ளலாம். எழுந்ததும் பால்கனியிலோ மொட்டை மாடியிலோ கால் மணி நேரம் வெளிச்சத்தில் நில்லுங்கள், மேகமூட்டமான பெங்களூர் காலையிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் டியூப் லைட்டைவிடப் பல மடங்கு அதிகம். போன் சார்ஜர் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். மொத்தத்தில் ஏழு மணி நேரமாவது தூக்கம் கிடைக்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

அமெரிக்க ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் இதே விதிதான். எழும் நேரம் பகல் ஒரு மணி என்றால் தினமும் ஒரு மணி. அறை இருட்டாக இருக்கத் தடித்த திரை வாங்குங்கள். விடுமுறை நாளில் திடீரென்று காலை ஆறு மணிக்கு எழுந்து, திங்கள் மறுபடி இரவு விழித்தால் உடம்பு வாரா வாரம் ஒரு தடவை கடல் தாண்டிப் போய்வந்த கணக்கு.

சத்தமாகக் குறட்டை, நடுவில் மூச்சு நிற்பது, ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குவது இருந்தால் இது பழக்கத்தால் சரியாகும் விஷயம் இல்லை. தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று டாக்டரிடம் பாருங்கள், பி.பி. அடங்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

7. காபி, சிகரெட், மது (5, 6-ஆம் வாரம்)

காஃபீன் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணி ஃபில்டர் காபியில் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது. ‘நான் காபி குடிச்சாலும் தூங்கிடுவேன்’ என்பவர்களும் தூங்குகிறார்கள்தான், ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. கடைசி காபியை மதியம் ஒரு மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் நிறுத்தினால் மறுநாளே தலைவலி வந்து ஒரு வாரம்கூட நிற்கும். அதைப் பார்த்துவிட்டு ‘காபி இல்லாம எனக்கு ஆகாது’ என்று முடிவு கட்டிவிடுவோம். மூன்று நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். டீ பிரேக்கை மட்டும் விடாதீர்கள். நாலு மணிக்குக் கூட்டாளிகளோடு தர்ஷினி (நின்றபடி சாப்பிடும் சின்ன ஓட்டல்) வாசலில் நிற்கும் அந்தப் பத்து நிமிஷம் உடம்புக்கு மருந்து. கையில் இருக்கும் டம்ளரை மாற்றினால் போதும், பாதாம் பாலோ சுக்குத் தண்ணீரோ.

சிகரெட் நிம்மதி தருவது போலத் தெரிவது, முந்தைய சிகரெட்டின் நிகோடின் இறங்கியதால் வந்த தவிப்பு தீர்வதுதான். ஒவ்வொரு சிகரெட்டும் துடிப்பையும் பி.பி.யையும் ஏற்றுகிறது. மது சீக்கிரம் தூங்கவைத்து இரவின் பின்பாதியை உடைத்துவிடும். வெள்ளி இரவு குடித்தவர்கள் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஏன் விழிப்பு வந்தது என்று நோட்டில் தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

8. சாப்பாட்டு நேரமும் ஞாயிறு பஸ்ஸும் (7, 8-ஆம் வாரம்)

என்ன சாப்பிடுவது என்பதைவிட எப்போது என்பதை முதலில் சரிசெய்யுங்கள். அதுதான் சீக்கிரம் கைக்கு வரும். அலுவலகத்திலிருந்து இரவு எட்டு மணிக்குக் கிளம்பி, ஒன்பதரைக்கு வீடு வந்து, பத்தேகாலுக்கு வயிறு முட்டச் சாப்பிட்டு, பத்தே முக்காலுக்குப் படுத்தால் அமிலம் மேலே வரத்தான் செய்யும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டிலிருந்து மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். ஏழு மணிக்கு அலுவலகத்திலேயே இரண்டு இட்லியோ சப்பாத்தியோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். வீட்டில் ஒரு கிண்ணம் மோர் சாதம் போதும்.

உப்பு ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். ஊரிலிருந்து வரும் ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு எல்லாம் அதே கணக்கில்தான் சேரும்.

ஊருக்குப் போய் வருபவர்களுக்கு: ஞாயிறு இரவுச் சாப்பாட்டை வீட்டிலேயே ஏழரைக்கு முடித்துவிட்டு ஏறுங்கள். பஸ் நிற்கும் இடத்தில் இறங்கி நடங்கள், தண்ணீர் குடியுங்கள், பரோட்டாவை விடுங்கள். திங்கள் காலை அறைக்கு வந்ததும் ஒன்றரை மணி நேரம் படுத்து, டிபன் சாப்பிட்ட பிறகு ஒரு காபி. முடிந்தால் மாதத்தில் ஒரு முறை ஞாயிறு பகலிலேயே திரும்பிவிடுங்கள். அம்மாவுக்கு வருத்தமாக இருக்கும், சொல்லிப் புரியவையுங்கள். அந்த மதுரைத் தம்பி இதைத்தான் செய்தார். எரிச்சலுக்காகத் தினமும் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை டாக்டரிடம் கேட்டு நிறுத்தினார்.

வலி மாத்திரை பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தலைவலிக்கு அடிக்கடி வலி நிவாரணி போட்டால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும். சில வகைகள் வயிற்றையும் அரிக்கும், பி.பி.யையும் ஏற்றும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் டாக்டரிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

9. நடை (9, 10-ஆம் வாரம்)

அழுத்தம் வந்ததும் உடம்பு ஓடத் தயாராகி ரத்தத்தில் சர்க்கரையை விடுகிறது, நாமோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். அந்தச் சர்க்கரைக்கு வேலை கொடுப்பது தசைதான். மதியமும் இரவும் சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் நடங்கள். மெட்ரோவில் வருபவர்கள் ஒரு ஸ்டேஷன் முன்னால் இறங்கலாம். அல்சூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஏரிக்கரை இருக்கிறது, தமிழ்ச் சங்கம் வரை போய்வந்தாலே ஆயிற்று. வாரத்துக்கு 150 நிமிஷம் என்பதைக் குறியாக வையுங்கள்.

ஜிம்முக்கு ஒரு வருஷப் பணம் கட்டித் தொடங்காதீர்கள். முதல் ஞாயிறே கப்பன் பார்க்கில் பத்து கிலோமீட்டர் ஓடி, மூட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்தவரை எனக்குத் தெரியும்.

10. மூச்சு: எந்த வாரத்திலும் சேர்த்துக்கொள்ளலாம்

மூக்கு வழியாக நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, ஐந்து நிமிஷம். மூச்சை வெளியே விடும்போதுதான் இதயத் துடிப்பு மெதுவாகிறது, அதனால்தான் வெளி மூச்சு நீளமாக இருக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் அமைதியான நேரத்தில் மட்டும் பழகுங்கள். நீச்சல் தெரியாமல் வெள்ளத்தில் குதிக்க முடியாது. அப்புறம் கேபிலும், மீட்டிங்குக்கு முன்னாலும் கைகொடுக்கும். ஆழமாக, வேகமாக இழுத்தால் தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். அப்படி வந்தால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

11. காரணத்தையே தொட வேண்டிய இடம்

தூக்கமும் காபியும் சாப்பாடும் சரியான பிறகும் குறிப்பிட்ட ஒரு நாளில், ஒரு அழைப்புக்கு முன்னால், ஒரு ஆளைப் பார்க்கும்போது வட்டம் விழுந்துகொண்டே இருந்தால், அப்போது அது நிகழ்ச்சியின் வேலை. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளியான பெரிய மாரடைப்பு ஆய்வு, புகை, சர்க்கரை, பி.பி. வரிசையில் மன நெருக்கடியையும் ஒன்பது காரணங்களில் ஒன்றாக வைத்தது. ஆகவே ‘பழக்கத்தை மாத்தினா போதும்’ என்று யாரையும் மிரட்ட நான் தயாரில்லை. சில அழுத்தங்கள் ஆளின் பழக்கத்தால் வருவதில்லை, வேலை கொடுக்கும் விதத்தால் வருகின்றன.

‘ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு’ என்று மேலாளரிடம் சொன்னால் அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. நோட்டைப் பார்த்து ஒரே ஒரு கோரிக்கையை எடுத்துப் போங்கள். “செவ்வாயும் வியாழனும் இரவு 9.30 கால் முடிஞ்சு தூங்க ஒரு மணி ஆயிடுது, மறுநாள் காலை வேலைல தப்பு வருது. ஒண்ணை மாலை ஆறரைக்கு மாத்தலாமா?” உங்கள் நோய் விவரத்தைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வீட்டிலும் அப்படித்தான். ஊருக்கு அனுப்பும் பணம், தங்கை கல்யாணக் கடன் போன்றவற்றில் மாதம் எவ்வளவு முடியும் என்று எண்ணாகச் சொல்லிவிடுவது பாதிப் பாரத்தை இறக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லாமல், தூக்கமோ பசியோ கெட்டு, மனம் கனமாகவே இருந்தால் பத்து வாரம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். பெங்களூரில் ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் என்ற மனநல மருத்துவமனை இருக்கிறது. வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிஷமே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

12. பத்தாவது வாரம் மறுபடி அளங்கள்

அதே மெஷின், அதே கை, அதே நாற்காலி, ஏழு நாள். முதல் நாளை விட்டு மீதிச் சராசரி. இரண்டாவது வாரத்துச் சராசரிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். சிவப்பு வட்டங்களையும் எண்ணிப் பாருங்கள்: முதல் இரண்டு வாரத்தில் எத்தனை, கடைசி இரண்டு வாரத்தில் எத்தனை. என் கணக்கில் 138/88 என்பது 129/82 ஆனது, இரவு நடுவில் எழுவது வாரத்தில் ஐந்திலிருந்து இரண்டானது. காபியை விட்டதைவிட எழும் நேரத்தைப் பிடித்ததுதான் எனக்கு அதிகம் உதவியது என்பதும் நோட்டில் தெரிந்தது. உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

எண்கள் அசையவே இல்லையென்றால், டாக்டரிடம் இந்த நோட்டோடு போங்கள். ஐந்து நிமிஷ சந்திப்பில் ‘எப்பவாவது தலைவலி வரும்’ என்று சொல்வதற்கும், ‘பத்து வாரத்தில் பதினேழு தடவை, பதிமூன்று தடவை மதியம் மூன்றுக்கு மேல்’ என்று காட்டுவதற்கும் அவர் கேட்கும் அடுத்த கேள்வியே வேறாக இருக்கும்.

அப்புறம் தினமும் எழுதத் தேவையில்லை. அப்ரைசல் மாதம், ரிலீஸ் வாரம், வீட்டில் கல்யாணம், அப்பாவுக்கு ஆபரேஷன் என்று தெரிந்தே வரும் கனமான நாட்களுக்கு ஒரு வாரம் முன்னால் நோட்டை மறுபடி எடுங்கள். நான் அதை பி.பி. மெஷினோடு ஒரே பையில் வைத்திருக்கிறேன், தேட வேண்டியதில்லை.